ஏரிப்பட்டணத்துத் தலைவரும் அவருடைய கதிரையும்

உலகப் புனைகதைகளிலே கதாநாயகர்களைப் பற்றி எல்லோரும் எழுதிவிடுகிறார்கள். மூன்று அதிகாரங்களில் தலைகாட்டிவிட்டு மறைந்து போகும் சிறு பாத்திரங்களைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஆயினும் ஓர் எழுத்தாளன் மனிதரை எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறான் என்பதை இத்தகைய சிறு பாத்திரங்களே பல வேளைகளில் காட்டிக்கொடுத்துவிடும். இன்று நாம் நோக்கவிருப்பது அத்தகைய ஒருவரைத்தான். அவர் ஒரு வணிகர். அரசியல்வாதியுங்கூட. கற்பனை நகரமொன்றின் தலைவர். அந்த நகரத்துக்கு மேலே ஒரு டிராகனின் நிழல் விழுந்து கிடக்கிறது.

ஆங்கிலப் பேராசிரியர் ஜே. ஆர். ஆர். டொல்கீன் எழுதிய 'த ஹொபிட்' என்னும் நாவல் 1937 செப்ரெம்பரில் வெளிவந்தது. டொல்கீன் 1925 முதல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் பழைய ஆங்கில மொழியைக் கற்பித்தவர். 1916 இல் சொம் போர்க்களத்தில் நின்றவர். முதலாம் உலகப் போரில் நெருங்கிய நண்பர்களைப் பறிகொடுத்தவர். நூலைப் பதிப்பிக்கலாமா என்று தீர்மானிப்பதற்குப் பதிப்பாளர் தமது பத்து வயது மகனிடம் கைப்பிரதியைக் கொடுத்து வாசிக்கச் செய்தார் என்பதும், அச்சிறுவனுக்கு அதற்குக் கூலியாக ஒரு சில்லிங் கிடைத்தது என்பதும் பலரும் அறிந்த செய்தி. சிறுவர் நூல் என்ற முத்திரை அன்றே விழுந்துவிட்டது. அந்த முத்திரையை நம்பி நூலைப் புரட்டாமல் விட்ட பெரியவர்கள் இழந்தவற்றுள் நமது தலைவரும் ஒருவர்.

கதைச் சுருக்கம் இவ்வளவுதான். தனிமலை என்று ஒரு மலை. அதனுள்ளே குள்ளர் இனத்தவரின் அரசு ஒருகாலத்தில் செழித்திருந்தது. மலையடிவாரத்தில் டேல் என்ற மனிதரின் நகரம் இருந்தது. ஸ்மௌக் என்னும் டிராகன் வந்து இரண்டையும் அழித்து, பொற்குவியலின் மேல் படுத்துக்கொண்டது. பல்லாண்டுகளின் பின்னர் குள்ளரின் அரச வழித்தோன்றலான தோறின் என்பவன் பன்னிரண்டு தோழர்களோடும், பில்போ என்னும் ஹொபிட்டோடும் தன் மலையை மீட்கப் புறப்படுகிறான். போகும் வழியில் வன எல்ஃப்களின் அரசனிடம் அவர்கள் சிறைப்பட்டு, வெறும் பீப்பாய்களுக்குள் ஒளிந்து ஆற்றோடு மிதந்து தப்பி வந்து சேரும் இடமே ஏரிப்பட்டணம்.

நெடு ஏரியின் நீருக்குள் மரத்தூண்களை நாட்டி, அவற்றின் மேல் கட்டப்பட்ட மரநகரம் அது. கரையோடு அதனை இணைப்பது ஒரு பெரிய மரப்பாலம். தெற்கிலிருந்து ஆற்று வழியாகப் பண்டங்கள் வரும். எல்ஃப் அரசனுக்கு வைன் பீப்பாய்கள் போகும். வெறும் பீப்பாய்கள் திரும்பும். சுங்கமும் வாடகையும் இலாபமுமாக நகரம் நடக்கிறது. பழைய நாளில் அந்த இடத்தில் இன்னும் பெரிய நகரம் ஒன்று இருந்தது. வரட்சியில் நீர் வற்றும்போது அதன் உக்கிய தூண்கள் வெளியே தெரியும். இந்த ஒரு குறிப்பே போதும், அந்த ஊரின் நிலையை உணர்த்த. கடந்த காலம் கண்ணுக்கு முன்னே நீரிலிருந்து எட்டிப் பார்க்கிறது. ஆனால் ஊரின் இளைஞர்களோ டிராகன் என்று ஒன்று இருப்பதையே நம்புவதில்லை. சிறுவயதில் அது வானில் பறக்கக் கண்டோம் என்று சொல்லும் கிழவர்களைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். மலையரசன் மீண்டு வருவான், ஆறுகளிலே பொன் ஓடும் என்று பழைய பாடல்கள் சொல்கின்றன. ஊரார் அவற்றைப் பாடுகிறார்கள். பாடிவிட்டு மறுநாள் காலையில் வியாபாரத்துக்குப் போய்விடுகிறார்கள். ஒரு கேட்டின் அருகிலேயே நெடுங்காலம் வாழ்ந்து பழகிப்போன சமூகத்தை இதைவிடச் சுருக்கமாகச் சித்திரிப்பது கடினம்.

இந்நகரத்தின் தலைவரை டொல்கீன் 'மாஸ்டர்' என்றே குறிப்பிடுகிறார். எங்கள் பக்கத்தில் 'மாஸ்டர்' என்றால் வாத்தியார். ஆகவே என் போன்றவர்களின் மானத்தைக் காப்பாற்றுவதற்காகவேனும் இங்கு 'தலைவர்' என்றே சொல்லிக்கொள்கிறேன். அவருக்கு நூலில் எங்குமே இயற்பெயர் இல்லை. எல்ஃப் அரசனுக்கும் இந்நூலில் பெயரில்லைதான். ஆனால் பின்னர் வந்த நூலில் ஆசிரியர் அவனுக்குப் பெயர் சூட்டிவிட்டார். நமது தலைவருக்கு அந்தப் பேறு கிட்டவேயில்லை. பதவியைக் கழற்றிவிட்டால் அவரிடத்தில் அழைப்பதற்கு ஒரு பெயர்கூட மிஞ்சாது.

வணிகர் ஆளும் நகரங்கள் வரலாற்றிலும் இருந்தன. வெனிஸ் நகரம் 1797 வரை, தன் வணிகப் பெருங்குடியினர் தெரிந்தெடுத்த தலைவர்களின் கீழ் இருந்தது. நமது காப்பியங்கள் காட்டும் புகாரில் நிலைமை வேறு. அங்கே வணிகன் எவ்வளவு செல்வனாயினும் அவனுக்கு 'எட்டி' என்ற பட்டத்தை வழங்குபவன் அரசனே. ஏரிப்பட்டணத்திலோ பட்டம் கொடுக்க மேலே ஒருவருமில்லை. முதியோரும் அறிவுடையோருமான சிலருள் ஒருவரை ஊரார் தெரிந்தெடுக்கிறார்கள். எனவே அந்தத் தலைவருக்குத் தன் உயர்வு எங்கிருந்து வந்தது என்பது நன்றாகத் தெரியும். அது எங்கே போய்விடும் என்பதும் தெரியும். அவர் எப்போதும் கூட்டத்தின் முகத்தைப் பார்த்தபடி இருப்பதற்குக் காரணம் இதுதான்.

பத்தாவது அதிகாரத்தில் வரும் விருந்துக் காட்சியை எடுத்துக்கொள்வோம். நனைந்து, கிழிந்த உடையோடு தோறின் மண்டபத்துக்குள் நுழைந்து, தான் மலையரசனின் வழித்தோன்றல் என்றும் திரும்பி வந்துவிட்டதாகவும் அறிவிக்கிறான். அதே விருந்தில் எல்ஃப் அரசனின் படகோட்டிகள் இருக்கிறார்கள். இவர்கள் எங்கள் அரசனின் சிறையிலிருந்து தப்பியவர்கள் என்று அவர்கள் எழுந்து சொல்கிறார்கள். தோறினோ, படகோட்டிகளோடு எனக்குப் பேச்சில்லை, இந்நகரத்தின் தலைவரோடுதான் பேசுகிறேன் என்கிறான். அரச குலத்தவனல்லவா, எந்த நரம்பைத் தொடவேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

தலைவர் தடுமாறுகிறார். எல்ஃப் அரசன் பலம் வாய்ந்த அயலவன், நல்ல வாடிக்கையாளன். அவனைப் பகைத்துக்கொள்ள முடியாது. பழைய பாடல்களில் தலைவருக்கு நம்பிக்கையுமில்லை. அவருடைய மனம் வியாபாரத்திலும் சுங்கத்திலும் சரக்கிலும் பொன்னிலும் ஊறியது. அந்தப் பழக்கமே அவரைப் பதவிக்குக் கொண்டுவந்தது என்று டொல்கீன் ஒளிக்காமல் சொல்கிறார். ஆனால் அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே செய்தி வெளியே பரவிவிடுகிறது. வீதிகளில் சனம் கூடுகிறது. பழைய பாடல்கள் ஊரெங்கும் ஒலிக்கின்றன. தீர்மானம் தலைவரின் கையை விட்டுப் போய்விட்டது. உடனே அவர் எழுந்து தமது கதிரையைத் தோறினுக்குக் கொடுக்கிறார்.

முதல் வாசிப்பில் இது பெருந்தன்மை போலத் தோன்றும். விருந்தோம்பல் என்றுகூடச் சொல்லலாம். இரண்டாம் முறை வாசிக்கும்போதுதான் விளங்குகிறது, கதிரையைக் காப்பாற்றிக்கொள்ளவே அவர் கதிரையை விட்டுக்கொடுக்கிறார் என்று. பாடும் கூட்டத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தால் கதிரையே போய்விடும். தாம் நம்பாத ஒன்றை ஊர் நம்பும்போது, ஊரின் நம்பிக்கைக்குத் தலைமை தாங்குபவராகத் தம்மைக் காட்டிக்கொள்ளும் வித்தை இது.

குள்ளர்களுக்குப் பெரிய வீடு கிடைக்கிறது. உணவும் உடையும் மருத்துவமும் கிடைக்கின்றன. இரண்டு வாரம் கழித்துத் தோறின் மலைக்குப் புறப்படுவதாகச் சொன்னபோது தலைவர் திகைத்துப் போகிறார். அதுவரை அவர்களை எத்தர்கள் என்றே எண்ணியிருந்தார். ஒருநாள் பிடிபடுவார்கள், துரத்திவிடலாம் என்று காத்திருந்தார். இப்போது அவர்கள் உண்மையிலேயே போகிறார்கள்! ஆனாலும் அவருக்கு வருத்தமில்லை. அவர்களை வைத்துச் சாப்பாடு போடுவது செலவு. ஊரோ தொடர்ந்து விடுமுறை கொண்டாடிக்கொண்டு தொழிலை மறந்துவிட்டது. போய் டிராகனோடு மல்லுக்கட்டட்டும் என்று உள்ளே நினைத்துக்கொண்டு, வெளியே இனிய சொற்களால் வழியனுப்புகிறார். நகர மண்டபத்தின் படிகளில் ஆலோசகர்கள் சூழ நின்று விடைகொடுக்கும் அந்தக் காட்சியில் அவர் ஒரு பொய்யும் செய்யவில்லை. கணக்குப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். அந்தக் கணக்கில் ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டார். போனவர்கள் டிராகனைச் சீண்டினால் அது எங்கே பறந்து வரும் என்ற வரி.

அது பறந்து வந்தது. பதினான்காவது அதிகாரம். மலைப்பக்கம் இரவிலே ஒளி தெரிகிறது. மலையரசன் பொன்னை உருக்குகிறான், ஆறு பொன்னாகப் போகிறது என்று ஊரார் ஆரவாரிக்கிறார்கள். வில்வீரர் அணியொன்றின் தலைவனான பார்ட் மாத்திரமே வருவது டிராகன் என்று அறிகிறான். எப்போதும் கெட்டதையே சொல்பவன் என்று அவனுக்கு ஊரில் பெயர். அவன் ஓடிப்போய்த் தலைவரை எச்சரிக்கிறான், எக்காளம் ஊதப்படுகிறது, பாலம் தகர்க்கப்படுகிறது, தண்ணீர்ப் பாத்திரங்கள் நிரப்பப்படுகின்றன. அந்த ஒரு சில நிமிட ஆயத்தமே பலருடைய உயிரைக் காத்தது. தலைவர் என்ன செய்தார்? வீடுகள் எரிய, வில்வீரர் இன்னும் நின்று போராட, அவர் தமது பொன்முலாம் பூசிய பெரிய வள்ளத்தை நோக்கித் திரும்புகிறார். அந்தக் குழப்பத்துக்குள் நழுவிவிட எண்ணம். டொல்கீன் இதற்கு ஒரே ஒரு வாக்கியந்தான் செலவிடுகிறார். கோபத்தோடு எழுதவில்லை, ஏசவுமில்லை. எரியும் நகரின் பல காட்சிகளுள் அதுவும் ஒன்றாகக் கடந்து போகிறது.

பார்ட்டின் காதில் ஒரு கிழட்டுக் குருவி வந்து டிராகனின் இடது மார்பில் கவசமில்லாத இடத்தைச் சொல்கிறது. அவனோ அழிந்துபோன டேல் நகரின் அதிபதி கிறியொனின் வம்சத்தவன். ஆதலால் அக்குருவியின் பேச்சு அவனுக்கு விளங்குகிறது. கடைசியாக எஞ்சிய கறுப்பு அம்பை எய்கிறான். டிராகன் நகரத்தின் மேலேயே விழுந்து சாகிறது. நகரமும் அதனோடு போயிற்று.

இனித்தான் நமது தலைவரின் உச்சக்கட்டம். ஏரிக்கரையில், குளிரில், ஈர உடையோடு சனம். அவர்களில் நாலில் மூன்று பங்கினர் உயிர் தப்பியிருந்தனர். வயல்களும் மந்தைகளும் வள்ளங்களும் பெரும்பாலும் எஞ்சியிருந்தன. இவற்றுக்காக நன்றி செலுத்த அந்த இரவில் எவருக்கும் தோன்றாதது இயல்பே என்று ஆசிரியர் பரிவோடு சொல்கிறார். வீடிழந்து முதலிரவை வெளியில் கழித்தவர்கள் நம் வாசகரிடையே பலர். அவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. அந்தக் கூட்டத்தில் முணுமுணுப்பு எழுகிறது. தலைவர் வியாபாரத்துக்குக் கெட்டிக்காரர், அதிலும் தமது வியாபாரத்துக்கு. ஆபத்து வந்தால் உதவமாட்டார் என்கிறார்கள். பார்ட் இறந்துவிட்டதாக எண்ணி, அவன் இருந்திருந்தால் அரசனாக்கியிருப்போம் என்று புலம்புகிறார்கள். அவ்வேளையில் பார்ட் நீர் சொட்டச்சொட்ட இருளிலிருந்து வெளியே வருகிறான். அரசன் பார்ட் என்று கூட்டம் முழங்குகிறது. வில்லாளி வாழ்க, பணமூட்டை ஒழிக என்ற தொனியில் கூச்சல் எழுகிறது. குளிரிலும் ஆத்திரத்திலும் தலைவர் பல்லைக் கடிக்கிறார்.

முதலில் அவர் சட்டம் பேசுகிறார். கிறியொன் டேலின் அதிபதியேயன்றி நமது நகரின் அரசனல்லன். நாம் எப்போதும் முதியோரும் அறிவுடையோருமானவர்களையே தெரிந்தெடுத்து வந்திருக்கிறோம். வெறும் போர்வீரரின் ஆட்சியை நாம் பொறுத்ததில்லை என்கிறார். அது எடுபடவில்லை. அடுத்து, பார்ட்டைப் புகழ்கிறார். பார்ட் இப்போது மிக அருகில் வந்து நிற்கிறான் என்பதை ஆசிரியர் இடையே குறித்துவிடுகிறார்! அதன் பின்னர்தான் தமது கடைசி அம்பை எய்கிறார். குற்றமெல்லாம் என் தலையிலா? தூங்கிய டிராகனை எழுப்பியது யார்? நம்மிடம் பரிசும் உதவியும் பெற்றுக்கொண்டு, பழைய பாடல்கள் பலிக்கும் என்று நம்மை நம்ப வைத்தது யார்? ஆற்றிலே அவர்கள் அனுப்பிய பொன் எங்கே? நெருப்பும் அழிவும் அல்லவா வந்தன? நமது விதவைகளுக்கும் அநாதைகளுக்கும் யாரிடம் ஈடு கேட்பது? இதுவே அந்தப் பேச்சின் சாரம்.

கூட்டம் மாறிவிட்டது. புதிய அரசனைப் பற்றிய எண்ணம் அந்தக் கணத்தில் மறந்துபோக, கோபமெல்லாம் மலையிலுள்ள குள்ளர்மேல் திரும்பிவிடுகிறது. தலைவர் சும்மா ஒன்றும் அந்தப் பதவிக்கு வரவில்லை என்று ஆசிரியர் அமைதியாகக் குறிப்பிடுகிறார்.

இந்தப் பேச்சை வகுப்பிலே சொல்லும்போது, இதில் எது பொய் என்று மாணவரைக் கேட்பதுண்டு. எல்லாமே பொய் என்று உடனே சொல்வார்கள். பொறுமையாகப் பார்த்தால் அப்படியில்லை. டிராகனை எழுப்பியவர்கள் குள்ளரின் கூட்டத்தார்தாம். பில்போ அதன் குவியலிலிருந்து கைப்பிடி இரண்டுள்ள கிண்ணமொன்றைத் திருடினான். பழைய ஆங்கிலக் காப்பியமான 'பியோவுல்ஃப்'பிலும் கிண்ணத் திருட்டே டிராகனை எழுப்புகிறது. அக்காப்பியத்தைப் பற்றி 1936 இல் புகழ்பெற்ற விரிவுரையொன்றை நிகழ்த்தியவர் டொல்கீன். அதுமட்டுமன்று. டிராகனோடு விடுகதை பேசிய பில்போ, பீப்பாயில் சவாரி செய்தவன் என்று தன்னைப் பற்றி வாய்தவறிச் சொல்லிவிடுகிறான். பீப்பாய் என்றதும் ஏரிப்பட்டணத்து வியாபாரிகளின் வேலை இது என்று டிராகன் ஊகித்துக்கொள்கிறது. தலைவருக்கு இந்த விபரம் எதுவும் தெரியாது. தமக்குத் தெரிந்ததைவிட அதிக உண்மையை அவர் பேசிவிட்டார் என்பதே வேடிக்கை. நட்டஈட்டுக் கோரிக்கையும் நியாயமானதே. பின்னர் பார்ட்டே மலைவாசலில் நின்று அதையும் எடுத்துச் சொல்கிறான்.

அப்படியானால் பொய் எங்கே இருக்கிறது? இதைத் தமிழில் சொல்ல முயலும்போதுதான் எனக்கு அது வெளிச்சமாயிற்று. ஆங்கிலத்தில் 'அஸ்' என்ற ஒரு சொல்லே உண்டு. தமிழிலோ 'எங்களை' என்பதா, 'நம்மை' என்பதா என்று தீர்மானித்தாக வேண்டும். கேட்போரையும் சேர்த்துக்கொள்ளும் உளப்பாட்டுத் தன்மைப் பன்மையை நம் இலக்கணகாரர் வேறுபடுத்திக் காட்டியிருக்கிறார்கள். கூட்டத்தைப் பார்த்துப் பேசும் தலைவர் சந்தேகமின்றி 'நம்மை' என்றுதான் சொல்வார். நம்மை நம்ப வைத்தார்கள்! ஆனால் அவர் ஒருநாளும் நம்பியவரல்லரே. ஊர் நம்பியது, அவர் நம்பவில்லை. ஊரின் கொண்டாட்டத்திலே அவர் ஒட்டிக்கொண்டது போலவே ஊரின் ஏமாற்றத்திலும் ஒட்டிக்கொள்கிறார். வள்ளத்தில் ஏறும்போது தனியே போனவர், கரையில் வந்து 'நாம்' ஆகிவிடுகிறார். பேச்சின் ஏனைய பகுதிகளை ஒருவர் மறுக்கலாம், ஆராயலாம். இந்த ஒற்றைச் சொல்லை எவரும் மறுப்பதில்லை. துன்பப்படுகிறவர்களுக்கு அது இதமாக இருக்கிறது.

பார்ட் என்ன செய்கிறான்? இன்னும் நான் தலைவருக்குப் பணிசெய்பவனே என்கிறான். நோயாளருக்கும் காயப்பட்டோருக்கும் உதவி தேடுகிறான். எல்ஃப் அரசனிடம் தூது அனுப்பி உணவும் ஆட்களும் வரவழைக்கிறான். தலைவரோ நிலத்தில் குந்தியிருந்து நெருப்புக்கும் சாப்பாட்டுக்கும் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். ஆனால் பார்ட் இடும் கட்டளைகளெல்லாம் தலைவரின் பெயராலேயே போகின்றன. வேலை ஒருவனிடம், பெயர் மற்றவரிடம். கதிரை எரிந்து ஏரிக்குள் போய்விட்டது. அதன் மதிப்பு மட்டும் எரியவில்லை. பார்ட் ஏன் அந்த இரவிலேயே அவரைத் தள்ளிவிடவில்லை என்று சிலர் கேட்பர். குளிரில் செத்துக்கொண்டிருக்கும் மக்களுக்கு நடுவே கதிரைப் போட்டி நடத்த அவனுக்கு மனமில்லை என்றே நான் கருதுகிறேன்.

பீற்றர் ஜாக்சன் இந்நாவலை 2012, 2013, 2014 ஆகிய ஆண்டுகளில் மூன்று திரைப்படங்களாக வெளியிட்டார். தலைவராக நடித்தவர் ஸ்டீபன் ஃப்ரை என்ற தேர்ந்த நடிகர். திரைப்படத் தலைவர் அழுக்கும் பேராசையும் கோழைத்தனமும் கலந்த கோமாளி. மூன்றாவது படத்தின் ஆரம்பத்திலேயே, பொன்னை ஏற்றிய வள்ளத்தோடு தப்பியோடும்போது டிராகன் மேலே விழுந்து இறந்துபோகிறார். கைதட்டுவதற்கு ஏற்ற முடிவு. ஆனால் கரையிலே நிகழும் அந்தப் பேச்சு இதனால் இல்லாமலே போய்விட்டது. பார்த்தவுடன் அயோக்கியன் என்று தெரியும் ஒருவரை எவர் தலைவராகத் தெரிந்தெடுப்பர்? நாவலில் வருபவர் ஓரளவு நல்ல நிர்வாகி. அழிவுக்குப் பின் முந்தியதைவிட அழகான, பெரிய நகரத்துக்குத் திட்டமிடுவதும் அவருடைய வழிகாட்டலிலேயே தொடங்குகிறது. அமைதிக் காலம் நீடித்திருந்தால் அவர் நல்ல பெயரோடு காலம் முடித்திருப்பார். மண்டபத்தில் படமும் மாட்டியிருப்பார்கள். டொல்கீனின் பாத்திரவார்ப்பு இந்த இடத்தில் திரைப்படத்தைவிடப் பல மடங்கு மேலானது.

அவருடைய முடிவு நூலின் கடைசிப் பக்கங்களில், ஏறத்தாழப் போகிறபோக்கில் சொல்லப்படுகிறது. சில ஆண்டுகளின் பின்னர் பில்போவின் வீட்டுக்குக் குள்ளரில் ஒருவனான பாலினும் மந்திரவாதி கண்டால்ஃபும் வருகிறார்கள். கணப்படுப்பருகே பழங்கதை பேசும்போது ஏரிப்பட்டணத்துச் செய்தியும் வருகிறது. போருக்குப் பின் மலைச் செல்வத்தில் பதினாலில் ஒரு பங்கு பார்ட்டுக்குக் கிடைத்தது. அதிலிருந்து ஏரி மக்களின் மீள்வாழ்வுக்காகப் பெருந்தொகைப் பொன்னை அவன் தலைவரிடம் கொடுத்தான். டிராகன் நெடுங்காலம் படுத்திருந்த பொன்னுக்கு ஒரு நோய் உண்டென்றும், தலைவர் அது எளிதில் தொற்றக்கூடிய இயல்பினர் என்றும் ஆசிரியர் கூறுகிறார். பொன்னில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டு அவர் ஓடிவிட்டார். கூடப்போனவர்களும் கைவிட்டுவிட, பாழ்நிலத்திலே பட்டினியால் இறந்துபோனார். மக்களுக்கு மத்தியில் 'நாம்' என்று சொல்லிப் பிழைத்தவருக்கு, அந்தப் பாழ்நிலத்தில் அந்தச் சொல்லைக் கேட்க ஒருவருமில்லை.

ஏரிப்பட்டணம் மீண்டும் கட்டப்பட்டுவிட்டது. டேலிலே பார்ட் ஆட்சி செய்கிறான். புதிய தலைவர் முந்தியவரைவிட விவேகி. மக்களிடம் மிகுந்த செல்வாக்கு உள்ளவர். தற்போதைய செழிப்புக்கெல்லாம் காரணம் அவரே என்று ஊரார் சொல்கிறார்களாம். அவர் காலத்தில் ஆறுகளில் பொன் ஓடுகிறது என்று புதிய பாடல்களும் கட்டிவருகிறார்களாம். பாலின் இதைச் சொல்ல, அப்படியானால் பழைய பாடல்கள் ஒருவகையில் பலித்துவிட்டன என்கிறான் பில்போ. அந்தப் புதிய தலைவருக்கும் டொல்கீன் பெயரிடவில்லை.